ஸ்பைடர்மேன் 3 உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

‘ஸ்பைடர்மேன் 3 எனக்கு இன்றைக்கும் பிடிக்கிறது, சொன்னால் சிரிக்கிறார்கள். குறைகள் எனக்கும் தெரிகின்றன. அந்தப் படத்துக்காக நேர்மையாக வாதாட ஏதாவது இருக்கிறதா, இல்லை சின்ன வயதில் பார்த்த பாசம்தான் பேசுகிறதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். பாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் திரையில் ‘இதோ’ என்று விரல் நீட்டிக் காட்ட ஏதாவது மிஞ்சுமா என்பதுதான் இதில் உள்ள கேள்வி. மிஞ்சும். ஆனால் முழுப் படத்தையும் தூக்கிப் பிடிக்கப் போனால் பத்து நிமிடத்தில் தோற்றுவிடுவீர்கள். எதை முதலிலேயே விட்டுக்கொடுப்பது, எதை விடவே கூடாது என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். திரைக்கதை, எடிட்டிங் பக்கத்திலிருந்துதான் நான் இதைச் சொல்கிறேன். வெனம் என்ற வில்லன் பாத்திரத்தைக் காமிக்ஸில் உயிராக நேசித்தவர்களின் கோபத்துக்கு என்னிடம் மருந்து கிடையாது.

முதலில் சந்தேகமில்லாத விஷயங்கள். சாம் ரெய்மி இயக்கி, 2007 மே 4 அன்று அமெரிக்காவில் வெளியான படம். நீளம் 139 நிமிடம். அங்கே முதல் மூன்று நாளில் 15 கோடி டாலரைத் தாண்டி அன்றைய வசூல் சாதனையை உடைத்தது. உலக வசூல் 89 கோடி டாலருக்கு மேல். ரெய்மியின் மூன்று ஸ்பைடர்மேன் படங்களில் அதிகம் சம்பாதித்ததே இதுதான். இந்தியாவில் தமிழ், தெலுங்கு, இந்தியோடு நிற்காமல் போஜ்புரியிலும் டப் செய்து இறக்கினார்கள். ஆகவே ‘பிளாப்’ என்று யாராவது சொன்னால் அது தவறு. விழுந்தது பெயர்தான். இரண்டாம் பாகத்தை விமர்சகர்கள் கொண்டாடிய அளவில் பாதிகூட இதற்குக் கிடைக்கவில்லை. பிறகு வந்த மீம்கள் மிச்சமிருந்த மரியாதையையும் வழித்தெடுத்துவிட்டன.

இன்னொன்றும் பதிவில் இருக்கிறது. ரெய்மிக்கு அறுபதுகளின் ஸ்பைடர்மேன் காமிக்ஸ்தான் உயிர். இந்தப் படத்தின் மணல் வில்லன் சாண்ட்மேன் 1963லேயே வந்துவிட்ட பாத்திரம். வெனம் 1988ல்தான் முழு உருவம் பெற்றது, அதில் அவருக்கு ஈர்ப்பு இல்லை. ரசிகர்கள் கேட்கிறார்கள் என்று வெனத்தைச் சேர்க்க வைத்தது தயாரிப்பாளர் ஆவி அராட். அந்தப் பழியை அவரே வெளிப்படையாக ஏற்றுக்கொண்டிருக்கிறார். ரெய்மியும் பின்னாளில் ஒரு பேட்டியில் இந்தப் படத்தைப் படுமோசம் என்று சொல்லி, எல்லாப் பாத்திரங்களிலும் தனக்கு நம்பிக்கை இருக்கவில்லை என்றார். எதிரே இருப்பவர் இதைத்தான் கடைசி ஆயுதமாக எடுப்பார்: ‘எடுத்தவரே மோசம் என்கிறார், உனக்கென்ன?’ படம் எடுத்த அனுபவம் எவ்வளவு கசந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. படத்துக்குள் என்ன இருக்கிறது என்பதற்குத் திரைதான் சாட்சி. அதே மாதிரி, வெனம் இல்லாமல் இருந்திருந்தால் மகத்தான படமாக வந்திருக்கும் என்று நாம் சொல்வதும் ஊகம்தான். ஆரம்பத் திட்டத்தில் வல்ச்சர் என்ற இன்னொரு வில்லன் இருந்தான், அந்த வேடத்துக்கு பென் கிங்ஸ்லியிடம் பேச்சு நடந்தது. எப்படிப் பார்த்தாலும் சாண்ட்மேனோடு இன்னொருவன் வந்தே இருப்பான்.

‘வில்லன் அதிகம்’ என்பது எல்லாரும் சொல்கிற குறை. பாதிதான் சரி. ஸ்பைடர்மேனான பீட்டரின் நண்பன் ஹாரி, தன் அப்பாவைக் கொன்றவன் என்று நம்பி அவனைக் கொல்ல அலைகிறான். தன்னை வளர்த்த பென் மாமாவைச் சுட்டவன் என்று தெரிந்ததும் பீட்டர், சாண்ட்மேனான மார்க்கோவைக் கொல்லக் கிளம்புகிறான். போலிப் படம் கொடுத்து வேலையை இழந்த ஃபோட்டோகிராபர் எடி பிராக் (பின்னால் வெனமாக மாறுபவன்), சர்ச்சில் மண்டியிட்டு, பீட்டரைக் கொன்றுவிடு என்று கடவுளிடமே மனுப் போடுகிறான். மூன்று பேருக்கும் ஒரே நோய். நால்வரில் யார் மீதும் வன்மம் இல்லாத ஒரே ஆள், போலீஸ் தேடுகிற கைதியான மார்க்கோ. அவனுக்கு வேண்டியது மகளின் வைத்தியத்துக்குப் பணம். பழிவாங்கும் வெறி நல்லவர்களிடமும், மன்னிக்கப்பட வேண்டியவன் வில்லன் இடத்திலும் இருப்பது தற்செயலாக அமைவது இல்லை. யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். கரு அளவில் இங்கே ஆள் அதிகமில்லை. 139 நிமிடத்துக்குள் ஒவ்வொருவருக்கும் கிடைத்த நேரம்தான் போதவில்லை.

அடுத்து, பலரால் ஜீரணிக்கவே முடியாத மாற்றம்: பென் மாமாவைச் சுட்டது முதல் பாகத்துத் திருடன் இல்லை, மார்க்கோ என்று மாற்றியது. பீட்டரின் குற்றவுணர்வில்தான் மொத்தக் கதையும் நிற்கிறது. மல்யுத்த அரங்கில் தனக்குச் சேர வேண்டிய பணத்தை ஏமாற்றியவன் கொள்ளையடிக்கப்படும்போது, ‘எனக்கென்ன’ என்று திருடனுக்கு வழிவிட்டதுதான் அவன் செய்த பாவம். சுட்டது வேறொருவன் என்றால் அந்தப் பாவம் கரைந்துவிடாதா என்பது நியாயமான கேள்வி. பதிலுக்கு அந்த ஃபிளாஷ்பேக்கை மறுபடி ஓட விட்டுப் பாருங்கள். மார்க்கோ காருக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு நிற்கிறான். பென் பதறாமல், துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போ என்கிறார். மார்க்கோ தயங்குகிற அந்த நொடியில் பணப்பையோடு ஓடி வருகிற கூட்டாளி அவனைப் பிடிக்கிறான், கை அதிர்ந்து குண்டு பாய்கிறது. அந்தக் கூட்டாளிதான் பீட்டர் லிஃப்ட் வரை வழிவிட்ட திருடன். பீட்டர் அவனை அங்கேயே மடக்கியிருந்தால் ஓடி வரவும் ஆளில்லை, குண்டும் பாய்ந்திருக்காது. பாவம் கரையவில்லை, மூன்று பேருக்குப் பங்கு பிரிந்திருக்கிறது. இனி பீட்டர் மார்க்கோவைத் தண்டித்தால் தனக்கும் அதில் பங்கு கேட்க வேண்டும். இவ்வளவு நுட்பமான முடிச்சைப் போட்டுவிட்டு அதைப் பீட்டர் வாயால் ஒரு வரிகூடச் சொல்ல வைக்கவில்லை என்பது திரைக்கதையின் தவறு. கிளைமாக்ஸில் ‘நானும் மோசமான காரியங்கள் செய்திருக்கிறேன்’ என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறான். பார்ப்பவர்கள் கோட்டை விட்டதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஒரே ஒரு காட்சியை வைத்து வாதாடு என்று என்னைச் சொன்னால் சாண்ட்மேன் உருவாகும் காட்சியைத்தான் எடுப்பேன். தப்பி ஓடும் மார்க்கோ ஒரு பரிசோதனைக் குழிக்குள் விழுகிறான். இயந்திரத்தை முடுக்குமுன் எடை மாறியிருப்பதைப் பார்த்த விஞ்ஞானிகள், ஏதோ பறவையாக இருக்கும், ஓடவிட்டால் பறந்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். மறுநாள் வெளிச்சத்தில் கேமரா மணலுக்கு மிக அருகில் போகிறது. ஒவ்வொரு மணியும் பாறை அளவுக்குத் தெரிகிறது. அவை உருண்டு, ஒட்டி, சரிந்து, மறுபடி சேர்கின்றன. தோள் மாதிரி ஒன்று எழுகிறது, நொறுங்குகிறது. பிறகு முகம், வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. கீழே மகள் கொடுத்த லாக்கெட் கிடக்கிறது. அதை எடுக்கக் கை நீட்டுகிறான், தொட்டதும் விரல்கள் பொடியாக உதிர்கின்றன. கையைப் பார்க்கிறான். இறுக்கிக் கூட்டுகிறான், இந்த முறை கை நிற்கிறது, லாக்கெட்டை எடுக்கிறான், அதன் பிறகுதான் எழுந்து நிற்கிறான். இரண்டு நிமிடத்துக்கு மேல் வசனமே இல்லை. அவனுக்கு என்ன வேண்டும், என்ன தடை, எதனால் உடம்பு கூடுகிறது என்ற மூன்றும் அதில் முடிந்துவிட்டன. உருவமாகச் சேர்ந்து நிற்க அவனுக்குக் காரணமே அந்த லாக்கெட்தான். கிறிஸ்டோபர் யங் அடிச்சுருதியில் ஊதும் கருவிகளை வைத்துப் போட்ட இசையும் வில்லன் பிறந்துவிட்டான் என்று மிரட்டவில்லை, துக்கமாகத்தான் ஒலிக்கிறது.

கிராபிக்ஸ் பக்கம் இதில் ஒரு சங்கடம் இருந்தது. மணலுக்கென்று தனி உருவம் கிடையாது: சில நேரம் தண்ணீர் மாதிரி ஓட வேண்டும், சில நேரம் சுவர் மாதிரி நிற்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் நடிகரின் முகபாவமும் தெரிய வேண்டும். சோனி பிக்சர்ஸ் இமேஜ்வொர்க்ஸ் குழு நிஜ மணலைக் கொட்டி, வீசி, சரியவிட்டுப் படம்பிடித்து, அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துத்தான் மென்பொருளை எழுதியது. ஆட்கள் மேல் கொட்ட வேண்டிய இடங்களில் கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆபத்து என்பதால் மணலுக்குப் பதிலாக மக்காச்சோளக் கதிரின் தக்கையைப் பொடித்துப் பயன்படுத்தினார்கள். இரண்டாம் பாகத்துக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் கிடைத்தது. இதற்குப் பரிந்துரைகூட வரவில்லை. விருதுக் கணக்குகளில் இது எனக்குப் புரியாத ஒன்று.

இவ்வளவு நன்றாகத் தொடங்கிய சாண்ட்மேன் கதை எங்கே அறுந்தது என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள், எதிரி சொல்லும் வரை காத்திருக்காதீர்கள். சுரங்க ரயில் பாதையில், எரிகல்லோடு வந்து ஒட்டிக்கொண்டு திமிரைக் கூட்டும் கறுப்பு உடையை அணிந்த பீட்டர் அவன் முகத்தை ஓடும் ரயிலில் தேய்த்து, குழாயை உடைத்துத் தண்ணீரில் கரைத்து விடுகிறான். அதோடு மார்க்கோ கிட்டத்தட்டப் படத்தை விட்டே போய்விடுகிறான். கிளைமாக்ஸ் நெருங்கும்போது ஒரு சந்தில் வெனம் அவனை மறித்து, சேர்ந்து கொல்வோமா என்று கேட்கிறான்; சில வரிப் பேச்சில் சம்மதம். மகளைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்றிருந்தவன் கொலைக்கு எப்படி ஒப்பினான் என்று காட்ட ஒரு காட்சி இல்லை. அதற்கப்புறம் கட்டட உயரத்துக்கு வளர்ந்து, பேச்சில்லாத மணல் பூதமாகி அடிக்கிறான். அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த முகத்தை இங்கே அவர்களே அழித்துவிட்டார்கள். கீழே டிவி நிருபர்கள் நாம் கண்ணால் பார்ப்பதையே வாயால் விவரித்துக்கொண்டிருப்பது வேறு. அந்தப் பகுதிக்கு வக்காலத்து வாங்காதீர்கள்.

இப்போது நடனம். நெற்றியில் முடியைத் தொங்கவிட்டு பீட்டர் தெருவில் விரலைச் சுட்டிக்கொண்டே நடக்கும் அந்தக் காட்சிதான் உங்கள் நண்பர்கள் சிரிப்பதற்குக் காரணமாக இருக்கும். கூச்சத்தில் நெளிய வைக்கிறது என்பது குற்றச்சாட்டு. நெளிய வைக்கத்தான் எடுத்திருக்கிறார்கள். எதிரே வரும் பெண்களின் முகத்தை மட்டும் பாருங்கள்: பலர் முகம் சுளித்து விலகிப் போகிறார்கள். தான் பெரிய ஆள் என்று நினைக்கிறான், ஊர் அப்படி நினைக்கவில்லை. இருபது வயசுப் படிப்பாளிப் பையனுக்குத் திடீரென்று திமிர் வந்தால் அது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்த அளவில் நடித்துப் பார்க்கிறான். இன்னும் உறுதியான ஆதாரம் இரண்டாம் பாகத்தில் இருக்கிறது. அங்கே சக்தியைத் துறந்த பீட்டர் ஒரு பழைய உல்லாசப் பாட்டு ஒலிக்கத் தெருவில் அசட்டுச் சிரிப்போடு நடப்பான். அதை எல்லாரும் ரசித்தார்கள். இந்தப் படத்தில் சக்தி கூடியதும் அதே நடை, அதே தெரு, மனசு மட்டும் எதிர்த்திசை. ரெய்மி ஆரம்ப காலத்துத் திகில் படங்களிலிருந்தே பயத்துக்குள் கோமாளித்தனத்தைக் கலப்பவர், இது அவருக்குத் தெரியாமல் நழுவிய இடம் என்று நம்ப முடியாது.

சரி, அப்படியானால் ஏன் வேலை செய்யவில்லை? ஜாஸ் கிளப்பில் அதே ஆட்டத்தை அரங்கமே ரசிக்கிறது. தெருவில் அவன் கேலிப்பொருள், இங்கே திறமைசாலி. நாம் அவனைப் பார்த்துச் சிரிக்கிறோமா, அவனோடு சேர்ந்து சிரிக்கிறோமா என்று படமே குழம்பும் இடம் இதுதான். ஆனாலும் காட்சி முடிவதைக் கவனியுங்கள். தன்னை அழைத்து வந்தது பீட்டரின் காதலி மேரி ஜேனைப் புண்படுத்தத்தான் என்று புரிந்ததும், அவனோடு படிக்கும் க்வென் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியேறுகிறாள். அடிதடி வருகிறது, பீட்டரின் கை மேரி ஜேன் மேல் பட்டு அவள் தரையில் விழுகிறாள். ‘நீ யார்?’ என்கிறாள். ‘தெரியவில்லை’ என்கிறான். காமெடி அந்த அடியில் போய் முடிவதற்காகத்தான் அவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது. மீம்களில் இந்தக் கடைசி நொடிகளை யாரும் சேர்ப்பதில்லை.

தற்செயல்கள் பற்றி. பூங்காவில் எரிகல் பீட்டரின் ஸ்கூட்டருக்குப் பக்கத்திலேயே வந்து விழுகிறது. மார்க்கோ விழுந்த நேரத்தில்தான் பரிசோதனை. மணிக்கூண்டில் பீட்டர் கறுப்பு உடையைப் பிய்த்தெறியும்போது நேர் கீழே எடி. ஹாரிக்கு அடிபட்டதும் வேண்டிய அளவுக்கு மட்டும் ஞாபகமறதி. திரைக்கதையில் சிக்கலைக் கொண்டுவரும் தற்செயலைப் பார்வையாளர்கள் மன்னிப்பார்கள், சிக்கலைத் தீர்க்கும் தற்செயலை மன்னிக்க மாட்டார்கள். மேலே சொன்ன நான்கும் முதல் வகை. எண்ணிக்கையில் அலுப்பு, அவ்வளவே. நிஜமாகவே கதையைக் கெடுப்பது ஐந்தாவது. ஹாரி வீட்டுச் சமையற்காரர் மாதிரி ஓரமாக நின்ற பட்லர் பெர்னார்ட், கடைசி நேரத்தில் வந்து, ‘உங்கள் அப்பாவின் காயத்தை நான்தான் கழுவினேன், அது அவருடைய கிளைடரின் கத்திதான்’ என்கிறார். அதாவது அவரைக் கொன்றது பீட்டர் இல்லை, அவர் ஏறிப் பறந்த கருவியே. இத்தனை நாள் எங்கே போனீர்கள் ஐயா என்று தியேட்டரே கேட்டிருக்கும். லாஜிக்கைவிடப் பெரிய நஷ்டம் வேறு. பீட்டர் வீசிய குண்டால் ஹாரியின் பாதி முகம் வெந்திருக்கிறது. உண்மை எதுவும் தெரியாமலே, அந்த முகத்தோடு, பீட்டருக்கு உதவ ‘சரி, வருகிறேன்’ என்று அவன் கிளம்பியிருந்தால் அது மன்னிப்பு. பட்லர் சொல்லிக் கிளம்பும்போது அது வெறும் தகவல் திருத்தம்.

எடிட்டர் பாப் முராவ்ஸ்கி தொகுத்து 2017ல் ப்ளூரேயில் வந்த ‘எடிட்டர்ஸ் கட்’ இந்த இடத்தைச் சரிசெய்கிறது. பட்லரின் பேச்சு அதில் கிடையாது, ஹாரி தானாகவே முடிவெடுக்கிறான். காட்சிகளின் வரிசையும் இசையும் சில இடங்களில் வேறு. தியேட்டர் பதிப்பைவிடச் சுமார் இரண்டு நிமிடம் குறைவு, ஆனால் கனம் கூடியிருக்கிறது. அதற்காக இதை வேறு படம் என்று நினைத்துவிட வேண்டாம், வெனம் இதிலும் அதே வெனம்தான்.

வெனத்துக்கு ஆதரவாக ஒரே ஒரு விஷயம் சொல்லலாம். காமிக்ஸில் எடி மலை மாதிரி உடம்புக்காரன். இங்கே டோஃபர் கிரேஸ், பீட்டர் அளவு உடம்பு, அதே வயசு, அதே ஃபோட்டோ வேலை, அதே பத்திரிகை அலுவலகம். மே அத்தையும் பென் மாமாவும் வளர்க்காத பீட்டர் எப்படி இருப்பான் என்பதற்கான ஆள் அவன். யோசனை நல்லது. அதை வளர்க்க நேரம் தராமல், கடைசிப் பகுதியில் மட்டும் பல்லைக் காட்ட விட்டதால் பயமும் வரவில்லை, பரிதாபமும் வரவில்லை. அவனைத் தோற்கடிக்கும் முறை மட்டும் ஒழுங்கு: மணிச்சத்தம் அந்தக் கறுப்புப் பொருளை வதைக்கும் என்று மணிக்கூண்டிலேயே காட்டிவிட்டதால், பீட்டர் இரும்புக் குழாய்களை வட்டமாக நட்டுத் தட்டும்போது அது திடீர்த் தீர்வாகத் தெரியாது.

கடைசியாக, நீங்கள் விடவே கூடாத இடம். இத்தனை கோடி செலவழித்த படம், சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகு இரண்டு ஆட்களை எதிரெதிரே நிறுத்திப் பேச விடுகிறது. மார்க்கோ மன்னிப்புக்கூடக் கேட்பதில்லை, நடந்தது என்ன என்று புரிந்துகொண்டால் போதும் என்கிறான். பீட்டர் மன்னித்துவிட்டேன் என்கிறான். அவனைப் பிடிக்கவில்லை, போலீஸில் ஒப்படைக்கவில்லை. மணலாகக் காற்றில் போக விடுகிறான். ‘திருடனைத் தப்ப விட்டான்’ என்பது முதல் பாகத்தில் பீட்டரின் பாவம், இங்கே அதே செயல் வேறு மனசோடு. அந்த மகளுக்கு வைத்தியம் நடந்ததா என்று படம் சொல்லாமல் விட்டது பெரிய ஓட்டை, அதை மறைக்காதீர்கள். ஆனால் அதே 2007ல் வந்த, அதற்குப் பிறகும் வந்த சூப்பர்ஹீரோ படங்களில் மாமனைக் கொன்றவனை நாயகன் அடிக்காமல் அனுப்பிய கிளைமாக்ஸ் எத்தனை என்று நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். பட்டியல் நீளமாக வராது. சிரித்தவர்களில் யாராவது உட்காரத் தயாராக இருந்தால், முதலில் சாண்ட்மேன் பிறக்கும் காட்சியை மட்டும் ஒலியைக் கூட்டி வைத்துக் காட்டுங்கள். அது பிடித்தவருக்கு மட்டும் எடிட்டர்ஸ் கட்டைப் போடுங்கள், பிடிக்காதவரோடு மேலே வாதாடிப் பயனில்லை.